கைப்பம்பும் தன்னம்பிக்கையும்

1970களில் உருவான 'இந்தியா மார்க் 2' கைப்பம்பில் வாஷர் தேய்ந்தால் நீர் ஏறாது. அதை மாற்ற, நிலத்தினுள் இறங்கிய குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். இது ஆடவர் தொழிலென்றே கருதப்பட்டது. ஆயினும் பம்பு பழுதானால் தொலைவிலிருந்து நீர் சுமப்பவர்கள் பெண்களே.

1980களின் இறுதியில் தொடங்கப்பெற்ற மகிளா சமாக்யா திட்டத்தின்கீழ், உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், எழுத்தறியாத தலித், கோல் சமூகப் பெண்கள் பலர் 1990களின் தொடக்கத்தில் இப்பணியைப் பயின்றனர். தம் கையால் பழுது நீக்கிய பம்பிலிருந்து நீர் பொங்கியபோது, 'நம்மால் இயலாது' என்னும் எண்ணம் அகன்றது. பழுதுகளையும் உதிரிப்பாகங்களையும் குறித்து வைக்கும் தேவை, எழுத்தறிவு வேட்கையையும் தூண்டியது.

திறன் பெற்ற பின்னரே பொறுப்பு என்று காத்திராமல், பொறுப்பை ஒப்படைத்துத் திறனை வளர்த்ததே இம்முயற்சி உணர்த்தும் பாடமாகும்.