ஒறுத்தலும் ஓர்தலும்

"அடியாத மாடு படியாது" என்பது நம் நாட்டிற் பெருவழக்காயுள்ள பழமொழி. மாட்டிற்குக் கூறிய அதனை மக்கட்கும், அவருள்ளும் தம் குறையை வாய்விட்டு உரைக்க மாட்டாத சிறார்க்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முருகன் மலைக்கோயிலாலும் கைத்தறிப் போர்வைகளாலும் பெயர்பெற்ற சென்னிமலையே எம் ஊர். எம் தெருவில், நெசவாளர் வீடொன்றில், பேச்சு வாராத ஒன்பதாண்டுச் சிறுவன் ஒருவன் உளன். அவன் நாடோறும் தன் தலையைத் தறிக்காலில் மோதிக்கொள்வான். நெற்றி தழும்பேறிக் கிடந்தது. தந்தையார் அதட்டுவார், அடிப்பார், சிலபோது பழஞ்சேலைத் துண்டாற் கட்டிவைப்பதும் உண்டு. அவ்வழிச் செல்லுங்கால் யாமும் அவனை உரத்து அதட்டியதுண்டு. அதனை நன்மையென்றே அன்று எண்ணினோம். ஒருநாள் அவன் தாயார், "அடிச்சா அப்போதைக்கு நிக்குதுங்க; கொஞ்ச நேரங்கழிச்சு மறுக்காவும் அதேதானுங்க" என்றார். இவ்வொரு சொல்லே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்திற்று.

அத்தாயார் கண்டதனையே அறிஞரும் ஆய்வுக்கூடத்திற் கண்டனர். அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர் 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எலிகளைக் கொண்டு செய்த சோதனையொன்றைக் கூறுகின்றார். நெம்புகோலை அழுத்தி உணவுபெறப் பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்தி, அவற்றுட் சிலவற்றிற்கு அழுத்துந்தோறும் காலில் அடிவிழச் செய்தார். அடிபட்டவை சிறிதுபொழுது அடங்கின. பின்னர் மீண்டும் அழுத்தத் தொடங்கி, முடிவில் அடிபடாத எலிகள் அழுத்திய அளவையே எட்டின. அடி செயலைத் தாழ்த்திற்றேயன்றி வேரறுத்திலது.

அற்றேல், தண்டனை என்றுமே பயன்படாதோ எனின், அங்ஙனங் கூறுதல் உண்மையன்று. நடத்தைப் பகுப்பாய்வு நூலார் ஒரு செயலைத் தொடர்ந்து வந்து அச்செயலைப் பிற்காலத்திற் குறைக்கும் யாதொன்றனையும் தண்டனை என்பர். வேண்டாததைச் சேர்த்தல் ஒருவகை. விளையாட்டினின்று சிறிதுபொழுது விலக்கிவைத்தல், பெற்ற பரிசைத் திரும்பக் கொள்ளல் போல வேண்டியதை நீக்குதல் மற்றொரு வகை. கடுமையும் உடனடித்தன்மையும் உடைய தண்டனை செயலை விரைந்து அடக்கவல்லது என்பதனை அஸ்ரின், ஹோல்ஸ் என்னும் இருவர் 1966 இல் விரித்தெழுதினர். ஆயின் அதனொடு அச்சமும், தண்டிப்பாரைக் கண்டு ஒளிதலும், திருப்பித் தாக்குதலும் உடன்வரக்கூடும். இன்னும் ஒரு தீங்குண்டு. அடித்தவுடன் ஆரவாரம் அடங்குதலால், அடித்தவரின் கையே அப்பழக்கத்தைக் கற்றுக்கொள்கின்றது. நாளடைவில் அடி கடுமையாவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

தண்டனை தான் மட்டுமாய் நின்று கூறமாட்டாதது ஒன்றுண்டு. அச்சிறுவன் அச்செயலை ஏன் செய்கின்றான் என்பதே அது. இவ்வினாவை முறைப்பட ஆராய்ந்தவர் இவாட்டா என்பவரும் அவர்தம் துணைவரும் ஆவர். 1982 இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், தம்மைத் தாமே தாக்கிக்கொள்ளும் ஒன்பதின்மர் நான்கு வேறு சூழல்களில், ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் வைத்துக் காணப்பட்டனர். முதற்சூழலில், தாக்கிக்கொண்டால் ஒருவர் வந்து கவலையுடன் பேசுவார். இரண்டாவதில், கொடுத்த பாடம் சிறிதுபொழுது நிறுத்தப்படும். மூன்றாவதில், பிள்ளை தனித்திருக்கும். நான்காவதில், விளையாட்டுப் பொருளும் துணையும் கேளாமலே கிடைக்கும். அறுவர்பால் அச்செயல் ஒரு குறிப்பிட்ட சூழலிலேயே தொடர்ந்து மிகுந்தது. பின்னர் 1994 இல் அவர் 152 பேரைப் பற்றி வெளியிட்ட தொகுப்பில், நூற்றுக்கு 38 பேர் அளவினர் வேலையினின்று தப்பவும், 26 பேர் அளவினர் பிறர் கவனமோ பொருளோ பெறவும் அங்ஙனஞ் செய்தமை புலனாயிற்று. மற்றும் 26 பேர் அளவினர்க்கு அச்செயல் தரும் உணர்ச்சியே பயனாயிருந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? வெளித்தோற்றத்தில் ஒன்றேயாகிய செயல் உள்ளே வேறு வேறு பயன் கருதியதாகலாம். தனிமை பொறாது தலைமோதுவான் ஒருவன். பாடம் பொறாது தலைமோதுவான் மற்றொருவன். இருவரையும் "மூலையிற் போய் நில்" என்று ஆசிரியர் தண்டிப்பாராயின், பின்னவனுக்கு அது தண்டனையன்று, விடுதலையேயாம். மறுநாள் அவன் மிகுதியாகவே மோதுவான். முன்னவனை அதட்டினாலோ, அவ்வதட்டே அவன் விரும்பிய கவனமாய் முடியும். நோயையும் அதன் முதலையும் அறிந்து பின்னரே மருந்து செய்க என வள்ளுவர் மருந்ததிகாரத்துட் கூறிய நெறி இதற்கும் ஒக்கும்.

முதல் அறிந்தபின் செய்யத்தக்கது, அச்செயலால் ஒருவன் பெறும் பயனை வேறு நல்வழியாற் பெறக் கற்பித்தலாம். கார், டியூராண்ட் என்னும் இருவர் 1985 இல் நான்கு சிறார்க்கு இதனைச் செய்து காட்டினர். பாடம் கடினமாதலாற் குழப்பஞ்செய்தவர்க்கு "எனக்கு விளங்கவில்லை" என்னும் சொல்லும், கவனம் வேண்டினவர்க்கு "நான் நன்றாகச் செய்கின்றேனா?" என்னும் சொல்லும் கற்பிக்கப்பட்டன. பொருந்திய சொல்லைக் கற்றபோது தீச்செயல் குறைந்தது. பொருந்தாத சொல்லாற் குறையவில்லை. நம் நாட்டிலும் செகந்திராபாத்தில் 1984 இல் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனத்தினின்று ரீட்டா பேஷாவரியாவும் வெங்கடேசனும் 1992 இல் இத்துறைக்கு ஒரு கையேடு வெளியிட்டு, செயலுக்கு முன் நிகழ்வதும் பின் நிகழ்வதும் குறித்துக்கொள்ளும் முறையை ஆசிரியர்க்குக் கற்பித்தனர்.

எம் தெருச் சிறுவன்பால் நிகழ்ந்ததும் இதுவே. சிறப்பாசிரியை ஒருவர், காதுவலி பல்வலி உண்டோவென முதற்கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். பின்னர்ப் பத்து நாள் குறிப்பெழுதச் சொன்னார். அதனை எழுதும் பணி எமக்கு வாய்த்தது. தந்தையார் தறியிலும் தாயார் ராட்டையிலும் ஆழ்ந்திருக்கும் பொழுதே அவன் மோதினான். மோதியவுடன் இருவரும் எழுந்தோடி வந்தனர். எம் அதட்டும் அவனுக்கு ஒரு துணையாயிருந்தமை அப்போதுதான் எமக்கு விளங்கிற்று, நாணினோம். பின்னர், வெறுந் தார்க்குச்சி ஒன்றைத் தாயார் கையில் வைத்தால் அவர் உடனே அருகில் வருவார் என்று அவனுக்குப் பழக்கினர். அவன் கேளாமுன்னரும் இடையிடையே சென்று அருகிருந்தனர். தறிக்காலிற் போர்வையொன்றை மடித்துச் சுற்றி, மோதினால் ஆரவாரமின்றிக் காத்தனர். முதல் வாரம் மோதல் மிகுந்தது. பழைய வழி பயன்தராதொழிந்தால் அங்ஙனம் மிகுதல் உண்டென ஆசிரியை முன்னரே கூறியிருந்தமையால் பெற்றோர் தளர்ந்திலர். இரண்டு திங்களில் அது மிகக் குறைந்தது. முற்றும் ஒழிந்ததென்று கூறோம்.

இத்துறையின் வரலாறு கறையற்றதன்று. 1965 இல் லோவாஸ் முதலியோர் தற்புனைவு நிலையுடைய சிறார்மீது மின்னதிர்ச்சியைப் பயன்படுத்தினர். அத்தகைய அதிர்ச்சியை அனைத்துலக நடத்தைப் பகுப்பாய்வுச் சங்கம் 2022 இல்தான் வெளிப்பட எதிர்த்துரைத்தது. தற்புனைவுடையோர் பலர் இன்று எழுந்து, "எவர்க்கும் தீங்கில்லாத எம் கையசைவையும் ஏன் திருத்துகின்றீர்?" என வினவுகின்றனர், அவ்வினா நேரியதே. நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு பள்ளியில் உடல்வருத்தும் தண்டனையையும் உளத்துன்பத்தையும் விலக்கியுள்ளது. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அறவே தடுக்கின்றது. கட்டிவைத்தல் எத்துணை எளிய விடை, எத்துணைக் கொடிய விடை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நெசவாளர் பாவிழை அறுந்தால் தறியை அடிப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிந்து, மேலும் நெய்வர். வாய்பேசாச் சிறுவனின் செயலும் ஒரு பேச்சே. அதனை அடக்குமுன் அதன் பொருளை ஓர்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும், நாளை ஆசிரியராகக் கருதும் நமக்கும் கடனாகும்.