வேனில் நடை

வேனிற்காலம் வந்துவிட்டது. தேர்வுகள் முடிந்தன, பள்ளிகள் மூடப்பட்டன. இவ்விடுமுறையை எங்கே கழிப்பது என்னும் கேள்வி வீடுதோறும் எழுகின்றது. வாய்ப்புள்ளோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்கின்றனர். வாய்ப்பில்லாதோர் வெயிலை நொந்துகொண்டு வீட்டினுள் அடைந்து கிடக்கின்றனர். கோடை என்பது தப்பி ஓடுவதற்குரிய காலம் என்றே பலரும் கருதுகின்றனர்.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் பெயரிட்டனர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றுக்குரிய மரம், பூ, பறவை, விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. எந்த நிலத்தில் எந்தப் பொழுதில் எது பூக்கும், எது கூவும் என்று கண்டறிந்தவர்களாலேயே இவ்வாறு வகுக்க இயலும். அவ்வறிவு காலால் நடந்து, கண்ணால் கண்டு பெற்ற அறிவாகும்.

இன்றும் உலகெங்கும் மக்கள் வேனிலில் நடைப்பயணம் மேற்கொள்கின்றனர். அவர்களுள் பலரை ஈர்ப்பவை ஆறுகள் குடைந்த மலையிடுக்குகள். அமெரிக்க நாட்டில் கொலராடோ ஆறு குடைந்துள்ள பெரும் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமுடையது; அதன் ஆழம் சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுதி. நம் நாட்டிலும் இத்தகைய இடங்கள் உண்டு. ஆந்திர மாநிலத்தில் கண்டிக்கோட்டை என்னுமிடத்தில் பெண்ணாறு செம்பாறைகளைப் பிளந்துகொண்டு செல்கின்றது. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரி கரும்பாறைகளுக்கிடையே பாய்ந்து ஓடுகின்றது.

மென்மையான நீர் வன்மையான பாறையை எவ்வாறு அறுக்கின்றது? நீர் தனியே அவ்வேலையைச் செய்வதில்லை. வெள்ளத்தோடு உருண்டுவரும் மணலும் கூழாங்கற்களும் அரம்போல் பாறையைத் தேய்க்கின்றன. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாது நிகழும் தேய்வினால் பள்ளம் ஆழ்கின்றது. இவ்விடங்களுக்குச் செல்வோர் வழி அறிந்தவர் துணையின்றிச் செல்லலாகாது. வானம் தெளிந்திருக்கும்போதே, தொலைவிலுள்ள மலையில் பெய்த மழையால் திடீரென வெள்ளம் வருவதுண்டு.

பாறையிலிருந்து தேய்ந்த மணல் எங்கே செல்கின்றது? ஆறுகள் அதனைச் சுமந்து சென்று கடலோரத்தில் சேர்க்கின்றன. மலையிடுக்கில் தொடங்கும் கதை கழிமுகத்தில் முடிகின்றது எனலாம். மலையைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டும்; ஆனால் கழிமுகத்தைக் காண, சென்னை மாநகரத்து மாணவர் அடையாறு வரை சென்றால் போதும். அங்குக் காலையில் இரண்டு மணி நேரம் நடந்தால், ஒரு விடுமுறை முழுதும் கற்றாலும் தீராத செய்திகள் கிடைக்கும்.

வேனில் நடைக்குச் சில விதிகள் உள. கதிரவன் எழும் முன்னரே புறப்படவேண்டும். எட்டரை மணிக்குள் வீடு திரும்பிவிடவேண்டும். தலைக்குத் தொப்பி, கையில் குடிநீர், பையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் போதும். பெரியவர் ஒருவர் துணையுடன் நால்வர் ஐவராகச் செல்லுதல் நன்று. உரக்கப் பேசலாகாது, பூவையும் முட்டையையும் தொடலாகாது. கண்டதைக் கண்ட இடத்திலேயே நாளும் நேரமும் இட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

முதலில் தெருவோர மரங்களைக் காண்போம். மழை பெய்து பல மாதங்கள் ஆகியும் புங்கமரம் பளபளக்கும் புதுத்தளிர் விட்டு நிற்கின்றது. இலைகளை உதிர்த்து நீர்ச்செலவைக் குறைத்த மரம், ஆழ வேரோடி நிலத்தடியில் எஞ்சியுள்ள ஈரத்தைப் பருகிப் புதுத்தழை அணிகின்றது. வேம்பு பூத்துத் தெருவெங்கும் மணம் பரப்புகின்றது. சரக்கொன்றை பொன்னிறப் பூங்கொத்துகளைத் தொங்கவிடுகின்றது. அருகே நெருப்பெனச் சிவந்து நிற்கும் மயிற்கொன்றையோ மடகாசுகர்த் தீவிலிருந்து வந்தது. நெடுநாள் நம்மோடு வாழ்ந்து அதுவும் நம் தெருவின் மரமாகிவிட்டது.

மரத்தின் உள்ளிருந்து குயில் கூவுகின்றது. கூவுவது கரிய ஆண்குயில். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்குயில் அருகில் எங்கோ மறைந்திருக்கும். காகம் கூடு கட்டி முட்டையிடும் காலமும் இதுவே. குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. காகம் அயர்ந்திருக்கும் வேளையில் அதன் கூட்டில் தன் முட்டையை இட்டுவிடும். காகமோ குயிற்குஞ்சைத் தன் குஞ்சென்றே எண்ணி வளர்க்கும். நாம் இனிய இசையென்று கேட்டு மகிழும் குரலுக்குப் பின்னே இவ்வளவு பெரிய வாழ்க்கைப் போராட்டம் நடைபெறுகின்றது!

ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் உள்ளது. 1875-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோன்றிய இச்சபை, 1882-ஆம் ஆண்டில் அடையாற்றைத் தன் தலைமையிடமாகக் கொண்டது. பார்வையாளரை அனுமதிக்கும் நேரம் அறிந்து உள்ளே சென்றால், புகழ்பெற்ற ஆலமரத்தைக் காணலாம். பல நூற்றாண்டு வயதுடைய அம்மரத்தின் தாய்த்தண்டு 1989-ஆம் ஆண்டில் வீசிய புயற்காற்றில் வேரோடு சாய்ந்தது. ஆயினும் ஆலமரம் அழிந்துவிடவில்லை. கிளைகளினின்று இறங்கி நிலத்தில் ஊன்றிய விழுதுகள் தாமே தண்டுகளாகிக் கிளைகளைத் தாங்கி நிற்கின்றன. முதியோரைத் தாங்கும் மக்களுக்கு ஆலின் விழுதை ஏன் உவமை கூறுகின்றனர் என்பதை, அதன் நிழலில் நின்றவர் எளிதில் உணர்வர்.

கிண்டியிலுள்ள தேசியப் பூங்கா இங்கிருந்து தொலைவில் இல்லை. 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுரக் கிலோமீட்டர். மாநகரின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் இத்தகைய காடு பிற பெருநகரங்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று. சென்னைக் கடலோரத்தில் முன்பு பரவியிருந்த முட்புதர்க் காட்டின் எச்சம் இது. காட்டின் உட்பகுதிக்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும்.

இனி ஆற்றின் முகத்துக்கு வருவோம். அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகர்ப் பகுதிக்கும் இடையே வங்கக்கடலில் கலக்கின்றது. வேனிலில் ஆற்றின் ஓட்டம் தளர்கின்றது. அவ்வமயம் கடல் அலைகள் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைக்க முற்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை வந்ததும், பெருகிய ஆறு அம்மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுட் பாய்கின்றது. ஆண்டுதோறும் கடலும் ஆறும் புரியும் இம்மற்போரை நாம் கரையிலிருந்தே காணலாம். ஆற்றுவாயின் அருகே நிற்கும் உடைந்த பாலம், வெள்ளத்தின் வலிமைக்குச் சான்றாகும். 1977-ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது.

உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இச்சேற்றுநிலத்தில் புழு, நண்டு, இறால், மீன்குஞ்சு ஆகியவை மிகுதியாக வாழ்கின்றன. அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் வருகின்றன. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்த உள்ளான்கள், வேனில் முதிருமுன் இனப்பெருக்கத்திற்காகத் தம் நாடு திரும்பிவிடுகின்றன. நகரின் கழிவுநீர் கலந்து ஆறு கறுத்துக் கிடக்கும் நிலையிலும் இவ்வுயிர்கள் இங்கு வருவது வியப்பாகும்; நாம் நாணுதற்கும் உரியதாகும்.

ஆற்றை மறந்தால் விளையும் துன்பத்தை 2015-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பர்த் தொடக்கத்திலும் பெருமழை பெய்தது. டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. பலர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து தவித்தனர். ஆண்டின் பெரும்பகுதி மெலிந்து கிடந்த நீர்வழியை, அது பெருகும் காலத்தில் எவ்வளவு இடம் கொள்ளும் என்று எண்ணாமல் நெருக்கிவிட்டோம். ஆறு தன் வழியை மறக்கவில்லை, நாம்தாம் மறந்திருந்தோம்.

எனினும் மனம் தளரவேண்டுவதில்லை. கழிமுகத்தின் வடபுறத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுப் பாழாகிக் கிடந்த நீர்நிலை ஒன்று உண்டு. அதனை அகழ்ந்து தூய்மை செய்து, இந்நிலத்துக்குரிய செடிகொடிகளை நட்டனர். ஏறத்தாழ 58 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். முதற்பொருளும் கருப்பொருளும் வகுத்துரைத்த நூலின் பெயரை ஒரு நெய்தல் நிலம் தாங்கி நிற்பது பொருத்தமே. அழித்த கையாலேயே மீண்டும் ஆக்கவும் இயலும் என்பதற்கு அது சான்றாகும்.

அடையாற்றுக் கடற்கரை காட்டும் காட்சிகளுள் தலைசிறந்தது ஒன்றை இறுதியாகக் கூறுவோம். இக்கரைக்கு ஆண்டுதோறும் தை முதற்கொண்டு கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன. பங்குனியிலும் வருவதனால் நம் மீனவர் இவற்றைப் பங்குனி ஆமை என்பர். தாய் ஆமை இரவில் கரையேறி, பின்கால்களால் மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பிறகு அம்முட்டைகளுக்குத் தாய் வேனில்தான். வெயில் காய்ந்த மணலின் வெப்பமே அவற்றை 45 முதல் 60 நாள்களில் பொரிக்கச் செய்கின்றது. மணலின் வெப்பம் மிகுந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவும், குறைந்தால் பெரும்பாலும் ஆணாகவும் பிறக்கின்றன.

பொரித்த குஞ்சு இரவில் மணலினின்று வெளிவந்து, ஒளி மிக்க திசையை நோக்கி ஊர்ந்து செல்லும். முற்காலத்தில் அவ்வொளி கடற்பரப்பில் மட்டுமே இருந்தது. இன்றோ கரையில் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. குஞ்சுகள் அவற்றைக் கடலென்று மயங்கி, சாலையை நோக்கிச் சென்று மாள்கின்றன. நாய்களாலும் முட்டைகளுக்குக் கேடு நேர்கின்றது.

இதனைக் கண்டு வருந்திய மாணவர் சிலர் 1988-ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அவர்களிடம் பெரும்பொருள் இல்லை, பதவி இல்லை, கால்கள் இருந்தன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தூரம் இரவு முழுதும் நடந்தனர். மணலில் ஆமையின் தடம் கண்டு, முட்டைகளை எடுத்து, வேலியிட்ட இடத்தில் மீண்டும் புதைத்துக் காத்தனர். பொரித்த குஞ்சுகளைக் கடலில் சேர்த்தனர். அப்பணி தலைமுறை மாறியும் இன்றுவரை தொடர்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களின் மாலைப்பொழுதில், உள்ளங்கையளவு கூட இல்லாத குஞ்சுகள் அலையை நோக்கி விரைவதைப் பொதுமக்களும் கூடிநின்று காண்கின்றனர்.

இப்பணி முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட நீரின்மேல் வரவேண்டும். இழுவை வலையில் சிக்கினால் அது மூச்சடைத்து இறந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் கரையில் நடந்து கணக்கெடுப்பவர் இருந்தமையால்தான் அவ்வாண்டின் இழப்பு எவ்வளவு பெரிதென்று நாட்டுக்குத் தெரிந்தது.

மாணவர்களே! அறியாத ஒன்றின்மீது அன்பு பிறப்பதில்லை. அன்பில்லாத ஒன்றை யாரும் காப்பதில்லை. நம் ஊரை அறிவதற்கு நடையைவிட எளிய வழி வேறில்லை. பெண்ணாமை வளர்ந்து முதிர்ந்தபின், தான் பிறந்த கரைப்பகுதியையே தேடி வந்து முட்டையிடும் என்பர். அது திரும்பி வரும்போது, அக்கரை அதனை வரவேற்கும் நிலையில் இருக்கவேண்டாமா?

நாளைக் காலை கதிரவன் எழும் முன் ஒரு குறிப்பேட்டுடன் புறப்படுங்கள். உங்கள் தெருவிலுள்ள முதல் மரத்தின் பெயரை அதில் எழுதுங்கள். பெயர் தெரியவில்லையெனில், தெரிந்தவரைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வேனில் நடை அங்கே தொடங்கட்டும்.