மின்பதிப்பு மென்பொருளில் மரக்காட்சிக் கட்டுப்பாடு: திருக்குறள் வைப்புமுறையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினிச் செயலிகளில் படிநிலைத் தரவைக் காட்டுவதற்கு மரக்காட்சிக் கட்டுப்பாடு பயன்படுகிறது. பால், இயல், அதிகாரம், குறள் என்னும் அடுக்குடைய திருக்குறளைச் சான்றாகக் கொண்டு, டாட்நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸ் சூழலில் இக்கட்டுப்பாட்டைக் கையாளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கணுவின் பெயரை அதன் அடையாளமாகக் கொள்வதும், திரையில் தோன்றும் மரத்தையே தரவாகக் கருதுவதும் தமிழ் நூல்களின் மின்பதிப்பில் பிழைக்கு இடந்தருகின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மரக்காட்சி, கணு, மின்பதிப்பு, வைப்புமுறை, அகரநிரல், ஒருங்குறி

முன்னுரை

விண்டோஸ் 95 இயங்குதளத்துடன் பரவலான பொதுக் கட்டுப்பாடுகளுள் மரக்காட்சியும் ஒன்று. கோப்புறைகளை இடப்பக்கத்தில் விரித்தும் சுருக்கியும் காட்டும் பலகத்தைக் கண்ட எவரும் இதனை அறிவர். விஷுவல் பேசிக் வழியாக நிரலர்களிடையே பரவிய இக்கட்டுப்பாடு, பின்னர் டாட்நெட்டில் ட்ரீவியூ என்னும் வகுப்பாக அமைந்தது. அதன் ஒவ்வோர் உறுப்பும் ட்ரீநோட் எனப்படும். தமிழில் கணு என்பர். கணு என்றவுடன் நினைவுக்கு வருவன கரும்பும் மூங்கிலும். புறத்தே வயிரமுடையவற்றைப் புல் எனவும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் எனவும் பகுக்கும் தொல்காப்பிய மரபியலின்படி மூங்கில் மரமன்று, புல்லே. எனினும் இச்சொல் கணினித் தமிழில் நிலைத்துவிட்டமையால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது.

கணுக்களின் அமைப்பு

பரிமேலழகர் உரைவழி அமைந்த திருக்குறள், அடுக்கமைப்புக்கு மிகத் தெளிவான சான்றாகும். அறத்துப்பாலில் பாயிரம், இல்லறவியல், துறவறவியல், ஊழியல் என நான்கும், பொருட்பாலில் அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றும், காமத்துப்பாலில் களவியல், கற்பியல் என இரண்டும் ஆக ஒன்பது பகுப்புகள் உள. 3 பால், 9 இயல், 133 அதிகாரம், 1330 குறள் எனக் கூட்டினால் 1475 கணுக்கள் வரும். இக்கால் கணினிக்கு இது பெருஞ்சுமையன்று. பிகின்அப்டேட் என்னும் வழிமுறையால் திரை வரைதலை நிறுத்திவைத்து, கணுக்கள் அனைத்தையும் சேர்த்தபின் எண்ட்அப்டேட் வழிமுறையை அழைத்தால் போதும். அவ்வாறு செய்யாவிடின் ஒவ்வொரு கணுவைச் சேர்க்கும்போதும் திரை மீள வரையப்பட்டு மினுக்கம் தோன்றும்.

குறளைச் சீர்சீராகப் பிரித்துச் சொல்லாய்வுக்குரிய மரமாக்க முற்படும்போது நிலைமை மாறுகிறது. ஒரு குறளுக்கு ஏழு சீர் என, மேலும் 9310 கணுக்கள் சேரும். அவற்றின்கீழ் இலக்கணக் குறிப்புகளும் உரைவேறுபாடுகளும் சேர்ந்தால் அத்தொகை பன்மடங்காகும். ஆண்டுத் தேவையானபோது மட்டும் ஏற்றும் முறை கைக்கொள்ளப்படும். சேய்களை உடைய ஒவ்வொரு கணுவின்கீழும் முதலில் ஒரு போலிக் கணுவை இட்டுவைப்பர். அஃது இருந்தால்தான் விரிப்பதற்குரிய கூட்டல் குறி தோன்றும். பயனர் அக்குறியைச் சொடுக்கியதும் பிஃபோர்எக்ஸ்பேண்ட் நிகழ்வு எழும். அந்நிகழ்வின் கையாளியில் போலிக் கணுவை நீக்கி, தரவுத்தளத்திலிருந்து உண்மைச் சேய்களை ஏற்ற வேண்டும். எண்பலகையிலுள்ள உடுக்குறி விசையை அழுத்தினால் தேர்ந்த கணுவின்கீழ் உள்ள அனைத்தும் விரியும் என்பதனை நிரலர் பலர் நினைவிற் கொள்வதில்லை. வேர்க்கணுவில் நின்று பயனர் அவ்விசையை அழுத்தினால் சேமித்த நேரம் முழுதும் ஒருங்கே செலவாகும்.

பெயரும் அடையாளமும்

மரக்காட்சியில் ஒரு கணுவைத் தேடுவதற்கு அதன் பெயரையே பயன்படுத்துவது புதிய நிரலர்க்கு இயல்பாகத் தோன்றும். திருக்குறளில் இம்முறை பொருந்தாது. குறிப்பறிதல் என்னும் பெயருடைய அதிகாரங்கள் இரண்டு உள்ளன. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். அரசர் முதலியோரின் உள்ளக்கருத்தை அமைச்சர் அறிதலைக் கூறுவது. மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். காதலர்தம் குறிப்பை அறிதலைக் கூறுவது. பெயரால் தேடும் நிரல் மேலிருந்து கீழாகச் சென்று 71ஆம் அதிகாரத்திலேயே நின்றுவிடும். 1091ஆம் குறளை நாடிய பயனர்க்கு 701ஆம் குறள் கிடைக்கும். நிரல் எப்பிழைச்செய்தியும் தாராது என்பதே இங்குள்ள இடர். தொல்காப்பியத்தையும் அதே மரத்தில் சேர்த்தால் களவியல், கற்பியல் ஆகிய பெயர்களும் இரட்டிக்கும்.

வேரிலிருந்து கணுவரை உள்ள பெயர்களைத் தொடுத்துத் தரும் ஃபுல்பாத் பண்பு இச்சிக்கலை ஓரளவு தீர்க்கும். எனினும் பெயர் திருத்தப்பட்டால் அப்பாதையும் மாறும். ஒருங்குறியால் வரும் இடர் ஒன்றும் உண்டு. பொருட்பால் என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியேற்றமாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சி ஷார்ப் மொழியின் சமக்குறி ஒப்பீட்டிலோ அவை வெவ்வேறு சரங்கள். ஆதலின் தரவை உள்ளிடும்போதே நார்மலைஸ் என்னும் வழிமுறையால் ஒருநிலைப்படுத்துதல் இன்றியமையாதது.

பெயரைக் காட்சிக்கு விட்டு, மாறாத தனி அடையாள எண் ஒன்றைக் கணுவின் டேக் பண்பில் வைப்பதே உரிய வழி. ஆஃப்டர்செலக்ட் நிகழ்வில் அவ்வெண்ணைக் கொண்டே மூலமும் உரையும் வருவிக்கப்பட வேண்டும். அவ்வெண் குறள் எண்ணாகவே இருக்கலாமே எனின், அன்று. இன்று வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடுகிறது, இயற்பகுப்பும் வேறுபடுகிறது. ஆகவே குறள் எண் என்பது ஒரு வைப்புமுறையில் அக்குறள் பெறும் இடமேயன்றி அக்குறளின் அடையாளம் அன்று. பழைய விஷுவல் பேசிக் 6 செயலிகளைப் புதுப்பிப்போர் ஒன்று கருதவேண்டும். அங்குக் கணுவின் திறவுகோல் வெறும் எண்ணாக இருத்தல் கூடாது என்பதால், நிரலர்கள் எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்திருப்பர். தரவை மாற்றும்போது அவ்வெழுத்தை நீக்க வேண்டியிருக்கும்.

பல வைப்புமுறை, ஒரே நூல்

மரத்தில் ஒரு கணுவுக்குத் தாய் ஒன்றே. நூலுக்கோ உரையாசிரியர் தோறும் வைப்புமுறை உண்டு. ஒரு வைப்புமுறையை மட்டும் நிரலில் பதித்துவிட்டால் ஏனைய உரைமரபுகள் அம்மென்பொருளில் இடம்பெறா. கணினிப் பதிப்பே முதற்பதிப்பாக மாணவர் கைக்குச் செல்லும் இக்காலத்தில் இது சிறு குறையன்று.

இதற்குத் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள் போதும். முதலாவது, அலகுகளின் அட்டவணை; அடையாள எண், பெயர் அல்லது மூலபாடம், வகை ஆகியன அதில் அமையும். இரண்டாவது, வைப்புமுறை அட்டவணை. எவ்வுரை மரபு, எவ்வலகு, அதன் தாய் எது, உடன்பிறப்புகளிடையே எத்தனையாவது இடம் என்பன அதில் அமையும். பயனர் உரையாசிரியரைத் தேர்ந்ததும் மரம் இரண்டாம் அட்டவணையிலிருந்து புதிதாகக் கட்டப்படும். அவ்வாறு கட்டும்போது பயனர் படித்துக்கொண்டிருந்த குறள் கைநழுவலாகாது. மாற்றத்துக்கு முன் அதன் அடையாள எண்ணைக் குறித்துவைத்து, புதிய வைப்புமுறையில் தாய், தாயின் தாய் என வேர்வரை ஏறி, பின் அவ்வழியே மேலிருந்து ஒவ்வொன்றாக விரித்து இறங்க வேண்டும். தேவைக்கேற்ப ஏற்றும் முறையில் தாய் விரியாதவரை சேய்க்கணு நினைவகத்தில் இராது. ஆதலின் இவ்வேற்ற இறக்கம் தவிர்க்கவியலாதது. ஒரே குறளை இரு வைப்புமுறைகளில் அடுத்தடுத்துக் காணும் வசதி அச்சுநூலில் எளிதன்று.

தரவு உள்ளீட்டில் ஓர் இயலுக்குத் தவறுதலாக அதன் வழித்தோன்றலையே தாயாகக் குறித்துவிட்டால் அப்பகுதி வேரோடு தொடர்பற்றுப்போகும். மரம் பிழையின்றித் தோன்றும், ஆனால் அவ்வியலின் அதிகாரங்கள் அதில் இரா. எனவே ஒவ்வொரு வைப்புமுறையிலும் வேரிலிருந்து நடந்து 1330 குறள்களும் ஒருமுறையே எய்தப்படுகின்றனவா என எண்ணிப்பார்க்கும் சோதனை நிரல் இருத்தல் நன்று.

வரிசைப்படுத்தல்

சார்ட்டெட் பண்பை இயக்கினால் உடன்பிறப்புக் கணுக்கள் பெயர்வரிசையில் அடுக்கப்படும். அதன் விளைவு: அறத்துப்பால், காமத்துப்பால், பொருட்பால் என முப்பால் முறை மாறும், பாயிரத்தில் அறன் வலியுறுத்தல் முன்னே வர, கடவுள் வாழ்த்து இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படும். மூலநூலின் மரத்தில் இப்பண்பை இயக்காதிருப்பதே முறை. வரிசை தரவிலிருந்து வரவேண்டும்.

சொல்லடைவு மரத்துக்கு அகரநிரல் வேண்டும். ஆண்டு ஒருங்குறியின் குறியெண்வரிசை நெடுங்கணக்கு வரிசையோடு ஒத்துச்செல்வதில்லை. அவா, அழுக்காறு, அளி, அறம், அன்பு என்பது தமிழ் அகராதி முறை. குறியெண்வழி அடுக்கினால் அன்பு, அறம், அளி, அழுக்காறு, அவா என முற்றும் தலைகீழாகும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டதாகையால், அசைவு முன்னும் அச்சம் பின்னும் வரும். அகராதியில் அச்சமே முற்பட்டது. இயல்பான ஒப்பீட்டுமுறையோ பயனர் கணினியின் மொழி, பண்பாட்டு அமைவைச் சார்ந்தது. ஆகவே நெடுங்கணக்கு முறையைத் தானே அறிந்த ஒப்பீட்டு வகுப்பு ஒன்றை எழுதி, ட்ரீவியூநோட்சார்ட்டர் பண்பில் இணைப்பதே நம்பத்தக்கது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து நெடுங்கணக்கு இடத்தைக் காட்டும் எண்தொடராக முன்னரே மாற்றிவைத்தால் ஒப்பீடு விரைவுறும்.

தேர்வுக் கட்டங்கள்

ஆய்வாளர் சில இயல்களை மட்டும் குறித்துத் தேட விழைவர். செக்பாக்ஸஸ் பண்பால் கணுதோறும் தேர்வுக் கட்டம் தோன்றும். தாயைக் குறித்தால் சேய்களும் குறிக்கப்பட வேண்டும் என நிரலெழுதும்போது, சேயின் மாற்றமும் ஆஃப்டர்செக் நிகழ்வை மீண்டும் எழுப்பும். மாற்றம் பயனரால் நேர்ந்ததா, நிரலால் நேர்ந்ததா என்பதனை நிகழ்வின் ஆக்‌ஷன் பண்பு காட்டும். அஃது அன்நோன் எனில் கையாளி உடனே திரும்பிவிட வேண்டும். இன்னும் ஏற்றப்படாத சேய்களுக்குக் கட்டமே இல்லை. அவற்றின் குறிப்புநிலையை அடையாள எண்களின் தொகுப்பாக நினைவகத்தில் வைத்து, கணு ஏறும்போது அதனின்று நிரப்ப வேண்டும். தேடலும் அத்தொகுப்பையே பார்க்க வேண்டும். மரத்தைப் பார்த்துத் தேடினால், பயனர் விரித்துப் பாராத அதிகாரங்கள் தேடலினின்று விடுபட்டு, ஆய்வின் எண்ணிக்கையே பிழைபடும்.

ஹைட்செலக்‌ஷன் பண்பு இயல்பாக இயங்கும் நிலையிலேயே உள்ளது. உரைப்பெட்டியில் உரையைப் படிக்கத் தொடங்கியதும் மரத்தில் தேர்ந்த குறளின் நிறம் மறைந்துபோவது இதனாலேயே. அதனை அணைத்துவைத்தால், நீண்ட உரையைப் படித்து முடித்தவர் தாம் எவ்வதிகாரத்தில் நிற்கிறார் என்பதை மரத்தை நோக்கியவுடன் அறிவர்.