கம்பியை நம்பாத எக்ஸ்.25

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராக இருந்த காலத்தில் (1947–49) வெளியூருக்குப் பேச டிரங்க் கால் போட வேண்டும். இணைப்பு கிடைத்துவிட்டால் திண்டிவனத்திலிருந்து சென்னை வரை ஒரு தடம் முழுக்க அந்த இருவருக்கே. மனிதப் பேச்சுக்கு அது பொருந்தும். கம்ப்யூட்டரோ ஒரு நொடி கொட்டும், பல நொடி சும்மா இருக்கும். அதற்காகத் தடத்தையே பிடித்து வைப்பது பெரும் விரயம்.

1960-களில் அமெரிக்காவின் பால் பாரனும் பிரிட்டனின் டொனால்டு டேவிஸும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். தகவலைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கினால், பலருடைய பாக்கெட்டுகள் ஒரே கம்பியில் மாறி மாறிப் போகலாம். தொலைபேசித் துறைகள் இதற்கென 1976-ல் ஏற்ற சர்வதேச நெறிமுறைதான் எக்ஸ்.25.

வழக்கமான எக்ஸ்.25 பாக்கெட்டில் 128 பைட் தகவல் அடங்கும். இன்றைய யுனிகோட் முறையில் (யு.டி.எஃப்-8) ‘ஓமந்தூர்’ என்று எழுத 24 பைட் வேண்டும், ஊர்ப்பெயரை ஐந்து முறை எழுதினால் பாக்கெட் ஏறக்குறைய நிரம்பிவிடும். முதலில் போகும் அழைப்புப் பாக்கெட்டில் முழு முகவரி இருக்கும். பாதை அமைந்தபின் ஒரு சிறிய தட எண்ணே போதும். ஒரே கம்பியில் இப்படி 4,095 தடங்கள் வரை ஓடலாம்.

இதன் உயிர்நாடி சரிபார்ப்பு. பதிவுத் தபாலுக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் கையெழுத்து வாங்குவதுபோல, வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் வந்ததைச் சோதிக்கும்; பழுதிருந்தால் முந்தைய நிலையத்திடம் திரும்பக் கேட்கும். இரைச்சல் மிகுந்த செம்புக் கம்பிகளுக்கு இந்தக் கறார் அவசியமாக இருந்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 1990-களின் தொடக்கத்தில் நடத்திய ஐ-நெட் இந்த வகை வலைதான்.

கறாருக்கு விலை தாமதம். நொடிக்கு 9,600 பிட் போகும் கம்பியில் ஒரு முழுப் பாக்கெட்டை அனுப்பவே பத்தில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு நிலையமும் அதை முழுதாக வாங்கிச் சோதித்த பிறகே அடுத்ததற்குத் தள்ளும்.

கண்ணாடி இழை வந்ததும் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்து வந்த ஃபிரேம் ரிலே, பழுதான சட்டகத்தை (ஃபிரேம் என்னும் தகவல் துண்டை) வழியிலேயே தூக்கி எறிந்தது. மறுபடி அனுப்பும் பொறுப்பு இரு முனைக் கம்ப்யூட்டர்களுக்கு மாறியது. இன்றைய இணையத்தின் டி.சி.பி. நெறிமுறையும் அந்தப் பொறுப்பை முனைகளிடமே வைத்திருக்கிறது. ஆனாலும் எக்ஸ்.25 உடனே மறைந்துவிடவில்லை. பிரான்ஸில் அந்த வலையில் ஓடிய மினிடெல் தகவல் சேவை 2012 வரை தாக்குப்பிடித்தது. ஹாம் ரேடியோவுக்கென மாற்றியமைத்த ஏ.எக்ஸ்.25 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் கருவியும் அதே வடிவில் பாக்கெட்டுகளை வாங்கி மறுஒலிபரப்பு செய்துவருகிறது.