உண்ணி கடித்த மறுநாளே ரத்தப் பரிசோதனை எதற்கு?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையொட்டி 1970களில் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. அதை ஆராயப்போய்த்தான் லைம் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை 1980களின் தொடக்கத்தில் விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபர் கண்டது கருங்கால் உண்ணியின் குடலில். கிருமி குடலில் இருப்பதுதான் நமக்குச் சாதகம். உண்ணி ரத்தம் குடிக்கக் குடிக்கத்தான் அது பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து, நம் உடலுக்குள் இறங்குகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே புல்வெளிக்கும் காட்டுக்கும் போய்வந்த அன்றே உடம்பைத் தடவிப் பார்ப்பது எந்த ஆய்வகத்தையும்விடப் பெரிய காவல். அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், காதோரம், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். கோடையில் அதிகம் கடிப்பது இளம் உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதும், கழற்றிய உடையை உலர்த்தும் இயந்திரத்தில் கடும் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுவதும் நல்ல பலன் தரும். பெர்மெத்ரினைத் தோலில் பூசக்கூடாது. ஒட்டியிருக்கும் உண்ணியை நுனி கூரான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீயால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

கடித்த கையோடு ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டால் நிம்மதிதானே என்று கேட்கலாம். அந்த நிம்மதி பொய்யானது. பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது போதிய அளவு ஊறச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பி, நோயின் அறிகுறியாக மெல்லப் பரவும் செந்தடிப்பைப் புறக்கணிப்பவருக்குத்தான் ஆபத்து. லைம் நோய் பரவிய பகுதியில் அந்தத் தடிப்பைக் கண்டாலே, பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார். தடிப்பு எல்லோருக்கும் வருவதில்லையே என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் கடித்த தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம்வரை காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி வருகிறதா என்று கவனிக்கச் சொல்கிறார்கள். உண்ணி வெகுநேரம் ஒட்டியிருந்தது என்றால் அதை எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போவது நல்லது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து ஒரே ஒரு வேளை நோயைத் தடுக்கக்கூடும். உண்ணியையே ஆய்வகத்துக்கு அனுப்புவதிலும் பயன் குறைவு. அதில் கிருமி இருந்தாலும் உங்களுக்குள் இறங்கியதா என்று அது சொல்லாது. குணமான பிறகும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும் என்பதால், நோய் தீர்ந்ததா என்று அறியவும் இந்தப் பரிசோதனை உதவாது.