கணினி வலையமைப்பு அட்டையும் மின் சிக்கனமும்

மின்சாரத்தின் விலை யாதென்பதை மலையகத்தார் கண்ணாற் கண்டவர்கள். தலவாக்கலையிற் கொத்மலை ஓயாவை மறித்து, 150 மெகாவாற்று ஆற்றலுடன் 2012 ஆம் ஆண்டில் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பொருட்டுப் பல குடும்பங்கள் தத்தம் குடியிருப்புக்களை விட்டுப் பெயர்ந்தன. சென் கிளேயர் நீர்வீழ்ச்சியும் தன் நீரிற் பெரும் பகுதியை ஈந்தது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டதையும் நாம் மறந்திலோம். ஆதலின், பாடசாலைதோறும் கணினி பெருகிவரும் இந்நாளில், அதனுள் அமைந்த ஒரு சிற்றுறுப்பு மின்சாரத்தை வீணாக்கும் வகையையும் அதனைத் தடுக்கும் வழியையும் அறிந்துகொள்வது நமது கடமையாகும்.

கணினியைப் பிற கணினிகளோடு இணைக்கும் வாயிலே வலையமைப்பு அட்டை. முன்னர்த் தனி அட்டையாகச் செருகப்பட்ட இது, இப்பொழுது பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாகப் பதிக்கப்படுகின்றது. இதிலிருந்து செல்லும் வடத்தின் மறுமுனை, பல கணினிகளை ஒன்றிணைக்கும் ஆளி என்னுங் கருவியைச் சேரும்.

செக்கனுக்கு 1 கோடி பிட்டுக்களை அனுப்பிய பழைய ஈதர்நெட் அட்டை, சொல்வதற்குச் செய்தியில்லாத வேளையில் இடையிடையே ஒரு சிறு துடிப்பை மட்டும் அனுப்பிவிட்டு வாளாவிருந்தது. பின்வந்த 10 கோடி, 100 கோடி பிட்டு வேக அட்டைகளோ அவ்வாறு இருப்பதில்லை. இருமுனைகளும் ஒத்திசைவு குலையாதிருத்தற்காக, செய்தி இல்லாதபோதும் பொருளற்ற வெற்றுச் சைகைகளை அவை ஓயாது அனுப்புகின்றன. கொழுந்தில்லாத வாட்டும் தொட்டியில் இரவெல்லாம் விசிறி சுழல்வது போன்றதே இது.

இவ்வீண் செலவை 2003 ஆம் ஆண்டில் மாருதி குப்தா, சுரேஷ் சிங் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுரை வாயிலாக அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். சமார குணரத்ன, கென் கிறிஸ்டென்சன் முதலியோர், செய்தி குறைந்தவிடத்து இணைப்பின் வேகத்தைக் குறைக்கலாம் என ஆராய்ந்தனர். ஆயினும் வேகத்தை மாற்றுவதற்கே காலம் மிகுதியாகச் சென்றது. ஆகவே வேகத்தை மாற்றாது, இடையிடையே உறங்கச் செய்யும் முறை மேற்கொள்ளப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் 802.3ஏஇசட் என்னும் நியமமாக ஏற்கப்பட்டது.

இம்முறையில், அனுப்புதற்கு ஒன்றுமில்லை எனக் கண்ட அட்டை, ‘உறங்கப் போகின்றேன்’ என மறுமுனைக்கு உணர்த்திவிட்டுத் தன் அனுப்பு சுற்றை அடக்குகின்றது. உறக்கத்தின் இடையே சிறு சைகையொன்றை அவ்வப்போது அனுப்பி ஒத்திசைவைப் பேணுகின்றது. செய்தி வந்ததும், 100 கோடி பிட்டு வேக இணைப்பிலே, ஏறத்தாழ 17 மைக்கிரோ செக்கனில் விழித்தெழுகின்றது. இணையத்தைப் பயன்படுத்துவோர் இத்தாமதத்தை உணரார். ஒன்று கருதத்தக்கது: அட்டையும் ஆளியும் ஆகிய இருமுனைகளும் இம்முறையை அறிந்திருந்தாலன்றிப் பயன் விளையாது.

ஓர் அட்டை மிச்சப்படுத்துவது ஒரு வாற்றளவே எனச் சிலர் எள்ளக்கூடும். ஒரு வாற்று ஓராண்டு முழுவதும் செலவாயின் ஏறத்தாழ 9 அலகு மின்சாரமாகும் என்பதை அவர்கள் எண்ணுவாராக. ஆயினும் இதனினும் பெரிய சிக்கனம் ஒன்றுண்டு. மேசைக் கணினியொன்று வேலையின்றி விழித்திருந்தாற் பல பத்து வாற்றுக்களை விழுங்கும். உறங்கினாற் சில வாற்றுக்களே போதும். ‘வலையமைப்பினூடே யாரேனும் அழைப்பின் என் செய்வது?’ என்ற எண்ணத்தாலேயே பலர் அதனை இரவிலும் விழித்திருக்க விடுகின்றனர். இதற்கும் அவ்வட்டையே விடையளிக்கின்றது. கணினி முழுவதும் உறங்க, அட்டை மட்டும் காவலிருந்து, தனக்குரிய அழைப்பு வந்ததும் கணினியை எழுப்பும். ஆறு குறித்த எண்களின் பின் அட்டையின் முகவரி 16 முறை திரும்பத் திரும்ப வருவதே அவ்வழைப்பின் அடையாளம். விடியலில் தப்பொலி கேட்டுப் பிரட்டுக் களத்துக்கு எழுந்து சென்ற தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

செய்யத்தக்கவை எளியனவே. விண்டோஸ் கணினியிற் சாதன முகாமையாளரைத் திறந்து, அட்டையின் பண்புகளில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ என்பது இருப்பின் அதனை இயக்குக. இணைப்பு அடிக்கடி அறுபடுமாயின் மட்டும் நிறுத்துக. புதிய ஆளி வாங்குவோர் இந்நியமம் உளதா என வினவுக. கணினி தானே உறங்கும் நேரத்தைக் குறித்துவைக்க. எவரும் அழையாத விடுமுறை நாட்களில் ஆய்வுகூடத்தின் ஆளியையும் சேர்த்து நிறுத்திவிடுக.

பேசவேண்டியபோது பேசி, ஏனைய வேளையில் அடங்கியிருத்தல் மாந்தர்க்கு மட்டுமன்றிப் பொறிக்கும் அழகாகும். நம் ஆற்று நீரினின்று பிறந்த மின்சாரத்தை வீணாக்காது காப்பது, அதன் பொருட்டு வீடு துறந்தார்க்கு நாம் செலுத்தும் நன்றியுமாகும்.