தத்தியை எண்ணிய மாணவர்

கமக்காரர்களே,

செழித்து நின்ற நெற்பயிர் வட்டம் வட்டமாகக் கருகி மடியக் கண்டு மனம் பதைக்காதார் யார்? இது கபில நிறத் தத்தியின் செயல். பயிரின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி, மருந்து தெளித்த பின்னரும் சில வேளைகளில் முன்னிலும் அதிகமாகப் பெருகுகின்றது. காரணம் என்ன? இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், அப்பொழுது மாணவராயிருந்த பீற்றர் கென்மோர் ஆவார்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்திற்குப் பயின்ற அவர், 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு நடத்தினார். அவர் வேலை எளியது. ஆயினும் பொறுமையை வேண்டுவது. மருந்து தெளித்த வயலிலும் தெளிக்காத வயலிலும் தத்திகளை எண்ணினார். அவற்றை உண்ணும் சிலந்திகளையும் பூச்சிகளையும் எண்ணினார். சில பயிர்களைக் கூண்டால் மூடி, தத்தியின் பகைவர் உட்புகாவண்ணம் தடுத்தும் பார்த்தார்.

பகைவர் இருந்த இடத்தில் தத்தி அடங்கியிருந்தது; அவர் இல்லாத இடத்தில் பெருகியது. கூண்டு செய்த வேலையையே மருந்தும் செய்தது. தத்தி தன் முட்டைகளை இலைமடலினுள்ளே இடுவதால் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்திகளோ மடிந்துவிடுகின்றன. பின்னர் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகை ஏது?

இந்தோனீசியாவில் தத்தியால் பெருஞ்சேதம் விளைந்தபோது, அந்நாட்டரசு 1986 ஆம் ஆண்டில் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதெனத் தடைசெய்தது.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. பூச்சி வருமுன் காப்பதாக எண்ணி மருந்து தெளிக்காதீர்கள்.
2. வாரந்தோறும் வயலில் இறங்கி, பல இடங்களில் பயிரை விலக்கி அடியைப் பாருங்கள். தத்தியையும் சிலந்தியையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள். பயிரை மிக நெருக்கமாக நடாதீர்கள்.
4. தத்தி பெருகக் கண்டால், குறிப்பை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தை மட்டும் கூறும் அளவில் தெளியுங்கள்.

பாடசாலை விடுமுறையில் வீட்டிலிருக்கும் உங்கள் பிள்ளையையும் வரம்புக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்ணுவதற்குக் கூரிய கண்ணும் ஒரு கொப்பியும் போதும். சிலந்தி பயிரைத் தின்பதில்லை. அது கூலி கேளாத காவற்காரன். அதனைக் காப்பவர் தம் விளைச்சலையும் காப்பர். மருந்துக்குச் செலவாகும் பணமும் கையில் மிஞ்சும்.